பிஜிலிக்கு ஒன்றரைக் கிலோ சலுகை

சனிக்கிழமை விடியும்போது பிஜிலியின் கொட்டில் கதவைத் திறந்ததுமே பியட்றிஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாகக் குதிரைச் சாணி அள்ளுகிறவளுக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாலை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, பின்னங்கால்களை அகட்டி, சும்மா சும்மா மூத்திரம் பெய்துகொண்டு நின்றது குதிரை. பக்கத்துக் கொட்டிலில் பல் விழுந்து கிடந்த கிழட்டு மட்டக் குதிரையைப் பார்த்துக்கூட ஒரு கனைப்பு.

"அடிப்பாவி, ஒனக்கு வேற நாளே கெடைக்கலயா? நாளைக்கு ஓட்டம்டி" என்று பியட்றிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஓட்டம் என்றால் நுவரெலியாவில் நடக்கிற மாதிரி தொப்பி போட்ட சீமாட்டிகளும் பெரிய எடுப்பும் என்று நினைத்துவிட வேண்டாம். குண்டசாலைக்கு அப்பால் மகாவலிக் கரையில் ஒரு பழைய கொக்கோத் தோட்டம். அதற்குள்ளே ஒரு மண் தடம். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏழெட்டுக் குதிரைகள் ஓடும். தகரப் பந்தல், கொத்து ரொட்டிக் கடை, பலூன்காரன், அவ்வளவுதான். பெட்டைக் குதிரைகளுக்குத் தனி ஓட்டம் வைப்பதற்கு எங்கே பெட்டை? இந்த வட்டாரத்தில் ஓடத் தகுந்த பெட்டை பிஜிலி ஒன்றுதான். அதனால் கடுவன்களோடு, அதாவது ஆண் குதிரைகளோடு, சேர்ந்துதான் ஓட வேண்டும். பெட்டை என்பதற்காக, பாரம் சமமாக வர எல்லாக் குதிரைக்கும் முதுகில் ஏற்றும் ஈயத்தில் ஒன்றரைக் கிலோவைக் குறைத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் சலுகை. ஆறு கடுவன்களுக்கு நடுவே ஒருத்தியை நிறுத்திவிட்டு ஒன்றரைக் கிலோவைக் கழித்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். இதைக் கண்டுபிடித்த மகராசன் எதிரே வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பியட்றிஸ் வைத்திருந்தாள்.

பெட்டை பருவத்தில் இருக்கும்போது ஓடுவதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. எழுத்தில் எங்கும் கிடையாது. ஆனால் குதிரைக்காரர் எல்லோருக்கும் தெரியும். பெட்டையை வளர்க்கிறவர் ஒரு தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு கடுவன் நிற்கும் கொட்டில் ஒவ்வொன்றுக்கும் போக வேண்டும். வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை. கடுவன்காரர் போத்தலை வாங்கி, இரண்டு விரலில் எடுத்து, தன் குதிரையின் மூக்குக்குள் தடவிக்கொள்வார். அந்தக் காரத்தில் கடுவனுக்கு வேறு வாசமே ஏறாது. தைலம் வரவில்லை என்றால் பெட்டை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலே ஒருவரும் துருவிக் கேட்க மாட்டார்கள்.

பியட்றிஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு அலுமாரியிலிருந்து தைலப் போத்தலை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஜீப் வந்து நின்றது.

லக்ஸ்மன் கம்பளைக்காரர். மணலும் கல்லும் ஏற்றுகிற டிப்பர் லொறிகள் வைத்திருக்கிறார். கெட்ட மனுசன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் முடியாது. நாட்டில் மனுசனுக்கே மாவு கிடைக்காத அந்த வருஷத்தில், எண்ணெய்க்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை என்று சனம் செத்துக்கொண்டிருந்தபோதும், இந்தக் குதிரைகளுக்கு எங்கிருந்தோ ஒரு மூட்டை கொள்ளும் தவிடும் கொண்டுவந்து போட்டவர். பியட்றிஸின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அதன் பிறகு பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்தில் கிடந்தவளைக் கூப்பிட்டு, கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அறையும் கொடுத்து வேலைக்கு வைத்தவரும் அவர்தான்.

"மொதலாளி, பிஜிலி பருவத்துல நிக்குது. தைலத்த எடுத்துக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

"பொறு, பொறு. எங்க ஓடுற?" லக்ஸ்மன் வேலிக் கம்பில் சாய்ந்துகொண்டு குதிரையைப் பார்த்தார். "தைலம் தடவாட்டி அந்தக் கடுவனெல்லாம் என்ன செய்யும்?"

"என்ன செய்யும்? கிறுக்குப் புடிச்சு ஆடும். ஓட்டத்துல நெனப்பே இருக்காது."

"இவள முந்திப் போகுமா?"

அவர் எங்கே வருகிறார் என்று அப்போதுதான் பியட்றிஸுக்கு உறைத்தது.  பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

"முந்தாது. வாலுக்குப் பின்னாலயே வரும்."

"அப்புறம் என்னத்துக்குத் தைலம்?"

"ஐயோ, என்ன மொதலாளி பேசுறீங்க! ஓட்டம் தொடங்குற கயித்துக்குப் பின்னால எல்லாக் குதிரையும் ஒட்டி ஒட்டி நிக்கும். எவனாவது விழுந்து அடிபட்டான்னா?"

"ஓட்டமுன்னா அடி படத்தான் செய்யும். போன வருஷமும் தைலத்தத் தூக்கிக்கிட்டு வீடு வீடாத் திரிஞ்சியே, என்ன கெடச்சுது? நாலாவது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இங்க பாரு பியட்றிஸ், நான் ஒன்னக் கட்டாயப்படுத்தல. குடுக்கணுமுன்னா போய்க் குடு. ஆனா நாளைக்கு இவ தோத்தா ஏரிக்கரைக்காரனுக்கு வித்துருவேன். தையிலயே சொன்னேனா இல்லையா?"

சொல்லித்தான் இருந்தார். அந்த நாளிலிருந்து பியட்றிஸுக்குச் சோறு இறங்கவில்லை. ஏரிக்கரை என்றால் நுவரெலியா ஏரிக்கரை. ஓடித் தோற்ற குதிரைகள் கடைசியாய்ப் போய்ச் சேருகிற இடம் அது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை சுற்றுலா வந்த பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறதும் வருகிறதுமாக நடக்க வேண்டும். நடக்க முடியாமல் போனால் அவிழ்த்து ரோட்டில் விட்டுவிடுவார்கள். போன சித்திரையில் அவள் தன் கண்ணாலேயே கண்டாள். மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் குப்பை மேட்டில் ஒரு பெட்டை, விலா எலும்பு எண்ணலாம், மழையில் நனைந்துகொண்டு பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. நெற்றியில் இருந்த வெள்ளைப் புள்ளியை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். இதே கொக்கோத் தோட்டத்தில் ஓடிய குதிரை.

பிஜிலிக்கும் அந்தக் கதிதானா? இந்தியாவிலிருந்து வந்து இறங்கியபோது இரண்டு வயதுக் குட்டி, கடும் காய்ச்சல். இது தேறாது என்று வைத்தியரே கையை விரித்துவிட்டார். பியட்றிஸ் ஒன்பது நாள் அந்த வைக்கோலிலேயே படுத்து, கரண்டியால் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினாள். வேறு யார் கூப்பிட்டாலும் காதைக்கூட அசைக்காத குதிரை, அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவில் வந்து மூக்கை வைக்கும். அவளுக்கென்று இந்த உலகத்தில் அப்படி வாசலில் வந்து நிற்கிற உயிர் வேறு எது இருக்கிறது?

லக்ஸ்மன் போன பிறகு அவள் தைலத்தோடு வேலிப் படலை வரைக்கும் நடந்தாள். எதிர்ச் சரிவில் டொக்டர் ஐயாவின் கொட்டில் தெரிந்தது. நாளைக்கு ஓடப்போகிற சுல்தான் என்ற கறுத்தக் கடுவன் அங்கேதான் நிற்கிறது. நூறு அடி நடந்தால் போதும். அவளை யாரும் கட்டிப் போடவில்லை, மிரட்டவும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அது பாவம். படலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. ஓட்டம் பிற்பகல்தான். போயிருக்கலாம். போனால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக, வாசம் போகத் தேசிக்காய்ச் சாறு பிழிந்த தண்ணீரால் பிஜிலியின் பின்பக்கத்தை மூன்று தடவை கழுவினாள். வாலை இறுக்கிப் பின்னி, துணி சுற்றிக் கட்டினாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடுவன் மூக்குக்குத் தெரியாமல் இருக்குமா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

பந்தலுக்குப் பின்னால் குதிரைகளை நடத்திக்கொண்டிருந்தபோது நஸீப் வந்தான். சுல்தானை ஓட்டுகிற ஜொக்கி. கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை. கிழமை நாட்களில் பாலத்தடியில் ஓட்டோ ஓட்டுவான், விடியற்காலையில் டொக்டர் ஐயாவின் குதிரையை ஓட விடுவான். முப்பது வயதுகூட இருக்காது. பெருநாளைக்குப் பெண்சாதி நுஸ்ஹா செய்த வட்டலப்பத்தைத் தகரப் பேணியில் கொண்டுவந்து பியட்றிஸிடம் கொடுத்துவிட்டு, "இனிப்புக் காணாட்டி எனக்கு ஏசாதீங்க, அவக்கு ஏசுங்க" என்று சிரிக்கிறவன்.

"அக்கா, தைலம் ஒண்டும் வரல்ல?" என்று கேட்டான்.

"இன்னைக்கு வேணாம் தம்பி."

அவ்வளவு லேசாக வந்துவிட்டது. நாக்கு குழறும், முகம் காட்டிக்கொடுக்கும் என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சேணத்து வாரை இழுத்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள்.

"அப்ப சரி. இல்ல, இவன் காலைல ஈந்தே ஒரே ஆட்டமா ஈக்கிறான். சோறு தண்ணி வேணாம், கதவுக்கு ஒதைக்கிறான். என்னெண்டே வெளங்குதில்ல."

"கூட்டத்தப் பாத்திருக்கும். பாட்டுச் சத்தம் வேற."

"அப்பிடித்தான் ஈக்கும்" என்றான் நஸீப். பிஜிலியின் கழுத்தில் செல்லமாகத் தட்டினான். "மகள், இண்டைக்கு எங்களுக்குக் கொஞ்சம் வழி உடுங்க, ஆ?"

அவன் போகிற முதுகைப் பியட்றிஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். "தம்பி, ஒரு நிமிசம்" என்று மூன்று சொல். அந்த மூன்று சொல்லைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிஜிலியின் கடிவாளத்தை, அதை ஓட்ட வந்திருந்த குருநாகல் ஜொக்கியிடம் கொடுத்தாள்.

கொக்கோத் தோட்டத்தில் இரும்புக் கதவு வைத்த பெட்டிகள் எல்லாம் கிடையாது. ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். குதிரைகள் அதன் பின்னால் வந்து வரிசையில் நின்றதும் கயிற்றை மேலே சுண்டி இழுப்பார்கள். பிஜிலிக்கு மூன்றாவது இடம். சுல்தான் ஐந்தாவது. அங்கே நிற்கத்தான் அதற்கு இஷ்டமில்லை. நடுவில் நின்ற குதிரையைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டிலேயே நகர்ந்து வந்தது. மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். மற்றக் கடுவன்களும் தலையை ஆட்டத் தொடங்கின. நஸீப் கடிவாளத்தை இழுத்து இழுத்துப் பார்க்கிறான், குதிரை கழுத்தை வளைக்கவில்லை. மைதானத்து மூலையில் நின்ற பியட்றிஸின் வாய் தன்பாட்டில் "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியே எழும்பியது சுல்தான். முன்னங்கால் இரண்டையும் தூக்கி பிஜிலியின் முதுகின் பின்பக்கத்தில் போட்டது.

சனம் சிரித்தது. அதைத்தான் பியட்றிஸால் பிறகு மறக்க முடியவில்லை. பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்கள்கூட, அடக்க மாட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பிஜிலி வலி தாங்காமல் இரண்டு காலாலும் ஒரு உதை உதைத்தது. சுல்தான் பின்பக்கமாய்ச் சரிந்தது. நஸீப் முதலில் மண்ணில் விழுந்தான். குதிரை அவனுக்கு மேலே விழுந்தது.

கயிறு பிடித்தவன் பதறிப்போய்க் கயிற்றைச் சுண்டி இழுத்துவிட்டான். அது மேலே போனது. பிஜிலி, முதுகில் ஒட்டிக்கொண்ட ஜொக்கியோடு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. ஓட்டம் தொடங்கிவிட்டது என்று மற்ற ஐந்தும் பின்னால் ஓடின. ஓடின என்ன ஓடின, அதன் வாலில் மூக்கை வைத்துக்கொண்டு ஊர்வலம் போன மாதிரி போயின. ஜொக்கிகள் சவுக்கால் விளாசியும் ஒன்றாவது பக்கத்தில் வரவில்லை. லக்ஸ்மன் சொன்னது சொன்னபடி நடந்தது. ஆயிரத்து இருநூறு மீட்டரையும் பிஜிலி முதலாவதாக ஓடி முடித்தது.

சிரித்தவர்கள் அதற்குள் வாயை மூடியிருந்தார்கள். கதவுப் பலகை ஒன்றில் வைத்து நஸீபைத் தூக்கிப் போனார்கள். கண் திறந்துதான் இருந்தது. "கால எடுங்க, என்ட கால்ல ஏதோ கெடக்குது, எடுங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். காலில் ஒன்றும் கிடக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பந்தலுக்குள் விசாரணை. மேசைக்குப் பின்னால் ஓட்டக் கமிட்டியின் மூன்று கனவான்கள். மிருக வைத்தியர் முழங்கால் கிழிந்த சுல்தானோடு லொறியில் ஏறிப் போய்விட்டார். அதனால் பிஜிலியைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. சுல்தானைப் பராமரிக்கிற குதிரைக்காரர் மட்டும் "பெட்ட பருவத்துல இருந்திருக்கு, இல்லாட்டி என் குதிர இப்பிடிச் செய்யாது" என்று கத்தினார். நடுவில் இருந்தவர், ஒரு காலத்தில் தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை, கையை உயர்த்தி அவரை அடக்கிவிட்டு, பியட்றிஸைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். குதிரையை வளர்க்கிறவள் நீதானே, உனக்குத் தெரியாமல் இருக்காது, அது பருவத்தில் இருந்ததா, இல்லையா?

லக்ஸ்மன் பக்கத்தில்தான் நின்றார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. தன் சப்பாத்தில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்றால் வெற்றி போச்சு. வெற்றி போனால் லொறி. ஏரிக்கரை. குப்பை மேடு. பியட்றிஸின் கண்ணுக்குள் பிஜிலி அந்த மழையில் நின்றது.

"நே மஹத்தயா" என்றாள். இல்லை ஐயா. "இருந்திருந்தா தைலம் குடுத்திருப்பேனே. போன வருஷம் குடுத்தேன், இவங்க எல்லாருக்கும் தெரியும்."

அது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. பியட்றிஸ் முறை தவறாதவள் என்று பேரெடுத்தவள். துரை தலையை ஆட்டினார். ஜொக்கி தன் குதிரையை அடக்கத் தவறினான், விபத்துக்கு அவனே பொறுப்பு என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள். அடிபட்ட ஜொக்கிக்குக் கிடைக்க வேண்டிய காப்புறுதிப் பணம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போயிற்று. அதைப் பியட்றிஸ் அப்போது யோசிக்கவில்லை. இருட்டுவதற்கு முன் குதிரையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் யோசித்தாள்.

பிஜிலியின் முதுகில் சுல்தானின் குளம்பு கிழித்த காயம் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தாள். "தப்பிச்சிட்டடி" என்று அதன் காதுக்குள் சொன்னாள். "யாருக்கு என்ன ஆனாலும் நீ தப்பிச்சிட்ட." நஸீபின் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை என்று அடுத்த நாள் காலையில் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவள் சாணி வாளியை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். கொட்டிலுக்குள் வந்து பிஜிலியைப் பார்த்தால் மனசு கொஞ்சம் அடங்கியது. அதை வைத்துத்தான் திங்கட்கிழமையைத் தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை லொறி வந்தது.

அவள் முதலில் வைக்கோல் லொறி என்று நினைத்தாள். பின்பலகையை இறக்கி, சாய்வுப் பலகை வைத்தார்கள். லக்ஸ்மன் ஜீப்பிலிருந்து இறங்கினார். கூடவே நுவரெலியாக்காரர் ஒருவர், கழுத்தில் மப்ளர்.

"பியட்றிஸ், பிஜிலியக் கொண்டாந்து ஏத்து. இவருதான் வாங்கியிருக்காரு."

"என்ன மொதலாளி சொல்றீங்க? ஜெயிச்சிருச்சே!"

"அதனாலதான் கேட்டு வந்திருக்காரு. தோத்த குதிரைய எவன் இந்த வெலைக்குக் கேப்பான்?"

"தோத்தாத்தான் விப்பேன்னு சொன்னீங்க." அவள் குரல் கிறீச்சிட்டது. "அந்த வாயாலதான சொன்னீங்க!"

"தோத்தா விப்பேன்னு சொன்னேன். ஜெயிச்சா விக்க மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?" லக்ஸ்மன் கோபப்படவில்லை. அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது போலும், குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டு மூணு வருஷம் பந்தயத்துல நல்லா ஓட்டுவாரு. அதுக்கப்புறம் ஏரிக்கரையோ என்னவோ, அவரு பாடு. நான் என்ன, குதிரையச் சாமியா வச்சுக் கும்பிடவா முடியும்?"

பியட்றிஸ் ஒவ்வொரு வார்த்தையாக நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். அவர் சொல்லவே இல்லை. அவளாகத்தான் அப்படிச் சேர்த்துக்கொண்டாள்.

லொறிக்காரர்கள் இரண்டு பேர் பிஜிலியை ஏற்றப் பார்த்தார்கள். அது சாய்வுப் பலகையில் ஒரு குளம்பு வைத்துவிட்டு உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. கயிறு போட்டு இழுத்தார்கள். முதுகுக் காயம் வெடித்து இரத்தம் கசிந்தது. ஒருவன் தடியை எடுத்தான்.

"அடிக்காதீங்க!" என்று பியட்றிஸ் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கினாள். "அடிக்காதீங்கடா, நான் ஏத்துறேன்."

அவள் முன்னால் நடந்தாள். பிஜிலி ஒரு முரண்டும் பிடிக்காமல் அவள் தோளில் மூக்கை உரசிக்கொண்டு பின்னாலேயே ஏறிப் போயிற்று. உள்ளே கட்டிவிட்டு அவள் இறங்கியதும் பின்பலகையைச் சாத்தினார்கள். லொறி தெல்தெனிய வீதியில் ஏறித் திரும்பும்வரை உள்ளேயிருந்து உதைக்கிற சத்தம் கேட்டது. பியட்றிஸ் படலையடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். லக்ஸ்மன் ஜீப்பில் ஏறிக்கொண்டே, "ஒரு கெழமைக்கு லீவு எடுத்துக்க" என்று சொல்லிப் போனார்.

புதன்கிழமை அவள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினாள். இனிப் பொத்தி வைக்க என்ன இருக்கிறது? எந்தக் குதிரைக்காகப் பொய் சொன்னாளோ அது போய்விட்டது. இனி உண்மையைச் சொல்லிவிடலாம். நஸீபின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், பிறகு துரையிடம் போய்ச் சொல்ல வேண்டும். காறித் துப்பினால் துப்பட்டும். வேலை போனால் போகட்டும். பேரு கெட்டால் கெடட்டும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை முதலிலிருந்து கடைசிவரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். "தம்பி, நான் தைலம் குடுக்காம மறைச்சிட்டேன். அது ஒன் பிழை இல்ல. என் பிழை." சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகியது. கண்டி வந்து இறங்கும்போது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது. மூன்று தோடம்பழம் வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வார்ட்டின் கடைசிக் கட்டிலில் நஸீப் கிடந்தான். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. போர்வைக்குக் கீழே இரண்டு கால்களும் வேறு யாருடையவையோ போல ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. நுஸ்ஹா கட்டிலோரம் ஒரு கதிரையில் இருந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது. பியட்றிஸைக் கண்டதும் அவள் எழும்பிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லா, நீங்க வந்தது நல்லதாப் போச்சுக்கா. நான் ஒங்களத்தான் தேடி வர ஈந்தேன்." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். "கமிட்டிக்கு எழுதீக்கிறேன். இவர்ட பிழை இல்லண்டு. இவரு பதினொரு வருஷமாக் குதிர ஓட்டுறாரு, ஒரு நாள் குதிர இவருக்கு அடங்காம ஈக்கல்ல. என்னமோ நடந்தீக்கிது. நீங்க கிட்ட நிண்டு பாத்தீங்க. நீங்களும் ஒரு கையெழுத்து வெச்சா நம்புவாங்க. ஒங்கட சொல்லுக்கு அங்க மதிப்பு ஈக்கிதாமே."

கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக்கூட அவள் கோடு போட்டு வைத்திருந்தாள். பேனையையும் நீட்டினாள்.

"அவங்களப் போட்டுக் கரச்சல் பண்ணாதீங்க நுஸ்ஹா" என்றான் நஸீப். பிறகு தலையைத் திருப்பிப் பியட்றிஸைப் பார்த்தான். "அக்கா, நான் படுத்துக் கெடந்து அதையேதான் யோசிக்கிறேன். நான் கடிவாளத்த இடது பக்கம் இழுத்தீக்கோணும். இல்லாட்டி வரிசைய உட்டு வெளிய கொண்டு போயீக்கோணும். செய்யல்ல. நீங்க பாத்தீங்க தானே. உண்மையச் செல்லுங்க. என்ட பிழையா?"

சொல்லிப் பார்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் வாயில்தான் இருந்தன. பிஜிலியும் இல்லை, லக்ஸ்மனும் இல்லை, தடுக்க ஒருவரும் இல்லை. எதிரே இந்த இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பார்வை மாறிவிடுமே என்று ஒரு பயம் வந்தது. வந்தது அது ஒன்றுதான். இனிக் குதிரையின் பேரைச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லாமல், தன்னந்தனியாக, தனக்காகவே வந்த பயம்.

"ஆமா தம்பி" என்றாள் பியட்றிஸ். "கொஞ்சம் வெளிய கொண்டு போயிருக்கலாம்."

நஸீப் கண்ணை மூடிக்கொண்டான். "நான் சென்னேன் தானே" என்று மெதுவாகப் பெண்சாதியிடம் சொன்னான்.

நுஸ்ஹா பேனையை மூடினாள். கடிதத்தை நான்காய் மடித்து, பிறகு எட்டாய் மடித்து, பிள்ளையின் பால் போத்தல் இருந்த கூடைக்குள் அடியில் செருகினாள். பியட்றிஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நுஸ்ஹா தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீங்கக்கா. உண்மையச் சென்னதுக்கு எங்களுக்கு ஒங்களோட ஒரு கோவமும் இல்ல" என்று சொல்லி, தான் இருந்த கதிரையை இழுத்து அவளுக்குப் போட்டாள்.

பியட்றிஸ் அதில் உட்கார்ந்தாள்.